எலும்புக்கூட்டுப் பொம்மைகள் சமுதாயக் கூடத்தில் இருக்கலாமா?

புரசைவாசி:
புரசைவாக்கத்தில் எங்கள் தெருமுனைச் சமுதாயக் கூடத்தில் பத்து நாள்களாக ஒரு கண்காட்சி நடந்து வருகிறது. முன்பு திரையரங்குகளுக்குப் பேனர் வரைந்து, பிளெக்ஸ் அச்சு வந்தபின் அந்தத் தொழிலை இழந்த ஓவியர் ஒருவர், காகிதக்கூழில் தாம் செய்த 26 எலும்புக்கூட்டுப் பொம்மைகளை அங்கே வைத்திருக்கிறார். ஒன்று 29சி பேருந்தின் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்குகிறது. ஒன்று நியாயவிலைக் கடை வரிசையில் பையும் அட்டையுமாக நிற்கிறது. ஒரு பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறாள், உடம்பெல்லாம் வெள்ளை எலும்பு, பல் மட்டும் சிவப்பு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நிற்கிறார்கள். இப்போது இதை எடுத்துவிட வேண்டுமென்று குடியிருப்போர் சங்கத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடுக்கக் கூடாது. நம்மோடு வாழும் ஒருவர் நம் அன்றாடத்தைப் பார்த்துச் செய்ததை நம் கூடத்திலேயே வைக்க முடியாதென்றால், வேறு எங்கே கொண்டுபோய் வைப்பார்? மாற்றுக் கருத்துடையவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:
கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் பார்க்க வேண்டுமென்று விரும்பிப் போகிறார். எங்கள் கூடம் அப்படிப்பட்ட இடமன்று. அங்கேதான் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்கள், அங்கேதான் மாலை வகுப்பு நடக்கிறது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தப் பொம்மைகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். என் இளைய மகளுக்கு நான்கு வயது. என் மாமனார் காலமாகி இரண்டு மாதங்கள்தான் ஆகின்றன. தாத்தா சாமியிடம் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம். வெற்றிலை இடிக்கும் அந்தப் பாட்டியைப் பார்த்துவிட்டு, தாத்தாவும் இப்போது இப்படித்தான் இருக்கிறாரா என்று கேட்டாள். அன்றிரவு மூன்று முறை எழுந்து அழுதாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்பதற்காக என் பிள்ளையின் அழுகை கணக்கில் வராமல் போய்விடுமா?

கணக்கர்:
சகோதரி சொல்வதோடு உடன்படுகிறேன். மேலும் இது நம்முடைய வழக்கமும் அன்று. மண்டையோட்டுக்கு உடுப்பு மாட்டி விளையாடுவது மெக்சிகோ நாட்டினர் இறந்தோர் நாளில் செய்வது. போசாதா என்ற செதுக்கோவியர் நூறாண்டுகளுக்கு முன்பு செதுக்கிய பூத்தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி, அவர் காலத்துக்குப் பிறகு அங்கே புகழ்பெற்றாள். அவர்கள் ஊருக்கு அது பொருந்தும். இறந்தவருக்குத் திதி கொடுத்து, அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற வீட்டில் இது எப்படிப் பொருந்தும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கணக்கர் ஐயா, மெக்சிகோவுக்குப் போக வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். சமைப்பதற்கு முன் பேய்கள் பல் துலக்க வேண்டுமே. முறிந்து கிடக்கும் யானைத் தந்தம்தான் அவற்றுக்குப் பல்குச்சி, யானையின் விலா எலும்புதான் நாக்கு வழிப்பதற்கு. பிறகு குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என்று ஒவ்வொருவருக்கும் முறைவைத்துக் கூழ் வார்க்கிறார்கள். கல்யாணப் பந்தியைப் பார்ப்பது போலவே இருக்கும். கடைசி வரிசை மாணவன்கூட அன்று தூங்க மாட்டான். அவ்வளவு ஏன், மாசி மாதம் மகா சிவராத்திரி முடிந்து வரும் மயானக் கொள்ளைக்கு மேல்மலையனூரில் மட்டுமா கூட்டம் கூடுகிறது? சென்னையிலும் அங்காளம்மன் கோயில் உள்ள பகுதிகளில் வேடம் கட்டியவர்கள் சுடுகாட்டுக்கு ஊர்வலமாகப் போவதைப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறோம். அங்கே பயப்படாத பிள்ளை காகிதப் பொம்மைக்குப் பயப்படுகிறதென்றால், அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்க வேண்டியது பெரியவர்கள் கடமை. பொம்மையை ஒளித்து வைத்தால் அது தீராது.

இரு பிள்ளைகளின் தாய்:
ஐயா, உங்களிடம் படித்தவர்களுக்கு இணையாக எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பரணியை நானும் பள்ளியில் படித்தேன். அந்தப் பேய்கள் சமைத்தது யாருடைய பிணத்தை? தோற்ற கலிங்கத்து வீரர்களுடையதை. கேட்டுச் சிரித்தவர்கள் வென்ற சோழ நாட்டார். மகனைப் பறிகொடுத்த கலிங்கத்துத் தாய் ஒருத்தி அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் சிரித்திருப்பாளா? மயானக் கொள்ளைக்கு ஒரு நாள் உண்டு, விரதம் உண்டு, காப்புக் கட்டுதல் உண்டு. அம்மன் வருகிறாள் என்று பிள்ளைக்குச் சொல்லித்தான் கூட்டிப் போகிறோம். இங்கே சொட்டு மருந்துக்குப் போகிற பிள்ளைக்கு என்ன சொல்லிக் கூட்டிப் போவது?

புரசைவாசி:
கலிங்கத்துத் தாயைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவில்லை, அம்மா. நியாயமான கேள்வி. ஆனாலும் நம் ஓவியர் செய்திருப்பது எதிரியின் பிணத்தையன்று. ரேஷன் வரிசையில் நிற்பது நான்தான், படிக்கட்டில் தொங்குவது என் மகன்தான்.

பேனர்க்காரர் மகன்:
என் அப்பாவும் பேனர் வரைந்தவர். நாங்கள் வியாசர்பாடி. எங்கள் பகுதியில் சாவு விழுந்தால் இரவு முழுவதும் பிணத்தருகே கானா பாடுவார்கள். கானா இன்று திரைப்படத்துக்கும் போட்டி மேடைக்கும் போய்விட்டது. அது வளர்ந்த இடங்களில் ஒன்று வடசென்னையின் சாவு வீடு. இறந்தவர் குடித்தது, கடன் வாங்கியது, பெண்டாட்டியிடம் அடி வாங்கியது எல்லாம் பாட்டில் வரும். அழுதுகொண்டிருக்கிற அத்தை சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அடுத்த அடியில் மீண்டும் அழுவாள். என் தாத்தா இறந்தபோது நான் கண்ணால் பார்த்தது இது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த இரவை அவர்கள் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். ஓவியர் செய்வதும் அதைத்தான். அவர் குரலால் பாடவில்லை, கூழால் பாடுகிறார். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன்: வீட்டார் அழைத்தால்தான் கானா பாடுகிறவர்கள் வருவார்கள். அழைக்காத வீட்டு வாசலில் யாரும் பாடியதில்லை.

கொசப்பேட்டை மகள்:
எங்கள் வீட்டில் கொலு பொம்மை செய்வார்கள்; ஆகையால் கையின் வேலை எனக்குத் தெரியும். அவர் வேலை செய்யும் மாடிக்குப் போயிருக்கிறேன். பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்து, உரலில் இடித்து, புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைகிறார். விலா எலும்புக்கு மூங்கில் பிளாச்சு, விரலுக்கு ஈர்க்குச்சி. பல் ஒவ்வொன்றும் வெள்ளைப் பூசணி விதை. திருஷ்டி சுற்றி நாற்சந்தியில் உடைத்த பூசணியிலிருந்து பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்தது. அதைத் தொடவே கூடாது என்று என் அம்மா பதறினார். ஊரார் கழித்துப் போட்ட கெட்டதெல்லாம் இதில் இருக்கிறது, அதை எடுத்து நான் சிரிக்க வைக்கிறேன் என்று அவர் பதில் சொன்னார். பாட்டியின் வாயில் அந்த விதைகள் ஒவ்வொன்றையும் மெல்லிய தூரிகையால் வெற்றிலைச் சாற்றுச் சிவப்பில் தீட்டியிருக்கிறார். இரண்டு பல் விழுந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார். பாட்டியோடு வாழ்ந்தவரால்தான் அதைச் செய்ய முடியும். இழிவுபடுத்த நினைப்பவர் அவ்வளவு பொறுமையாக உட்கார மாட்டார்.

மூன்றாம் மாடி:
இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தின் வலப்பக்கச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முகக்கவசத்தோடு உட்கார்ந்து, கையில் டோக்கனை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு பொம்மை இருக்கிறது. உங்களில் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை. 2021 மே மாதத்தில் என் கணவரை அப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் வெளியே நின்றேன். பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றிக் கட்டிக் கொடுத்ததைத் தூரத்திலிருந்து பார்த்தோம், அவ்வளவுதான். பத்து நாள்களாக நான் கூடத்துப் பக்கம் போகாமல், தண்ணீர் வரி கட்டுவதற்குக்கூடச் சுற்றுவழியில் போகிறேன். அவர் அதைச் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கானாவைப் பற்றி எழுதிய தம்பி சரியாகச் சொன்னார்: என் வாசலில் நான் அழைக்கவில்லை. நகைச்சுவை நல்லதா கெட்டதா என்று நீங்கள் வாதிடுகிறீர்கள். எனக்கு இருக்கும் கேள்வி, அதைப் பார்க்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதுதான்.

கொசப்பேட்டை மகள்:
அம்மா, அதைப் பற்றி அவரிடம் நான் கேட்டிருக்கிறேன். அவர் அனுமதி வாங்கிவிட்டே இங்கே எழுதுகிறேன். அதே ஆண்டு அவர் தம் அண்ணனை இழந்தார். பொம்மையின் டோக்கனில் 114 என்று எழுதியிருக்கிறது. அது அண்ணனுக்குக் கொடுத்த எண். 26 பொம்மைகளில் அவர் முதலில் செய்தது அதுதான். மற்ற 25ம் அதற்குத் துணையாகச் செய்தவை என்றார். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பயத்தைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று மேலே எழுதியிருந்தேன். பிள்ளையின் பயத்தை மனத்தில் வைத்து எழுதியது அது. துயரத்துக்கு அது பொருந்தாது. அந்த வரியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். கண்காட்சி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

புரசைவாசி:
இன்று மாலை ஓவியரும் நானும் இரண்டு பிள்ளைகளுமாகப் பொம்மைகள் எல்லாவற்றையும் கூடத்தின் பின்னறைக்கு மாற்றினோம். வாசலில் திரை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பலகையில் எழுதியிருக்கிறோம். சொட்டு மருந்துக்கோ வகுப்புக்கோ போகிறவர்கள் இனி எதையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. நாற்காலிப் பொம்மையை அவரே தூக்கி வந்தார், வேறு யாரையும் தொட விடவில்லை.

இரு பிள்ளைகளின் தாய்:
திரை போட்டதற்கு நன்றி. ஆனாலும் என் கையெழுத்தை நான் திரும்பப் பெறவில்லை. பின்னறையில்தான் அங்கன்வாடிப் பிள்ளைகளின் பாய்களை வைக்கிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்பேன்.

மூன்றாம் மாடி:
ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன், யாரும் வராத நேரத்தில், பின்னறையைத் திறக்க முடியுமா? அந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

புரசைவாசி:
சாவி என்னிடம்தான் இருக்கிறது, அம்மா. ஏழு மணிக்குத் திறந்து வைத்துவிட்டு நான் தெருமுனையில் நிற்கிறேன்.