மாய பிம்பம் இருக்கும் இடத்தைக் காட்ட வழி உண்டா?

நண்பர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளியியல் நடத்துகிறேன். 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸிலிருந்து 15 செ.மீ. தள்ளி மெழுகுவர்த்தியை வைத்தால், மறுபக்கம் 30 செ.மீ.யில் பிடித்த தாளில் சுடர் தலைகீழாக, இரண்டு மடங்கு பெரிதாக விழுகிறது. திரியின் கருப்பு கூடத் தெரிகிறது! பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

5 செ.மீ.க்கு நகர்த்தினாலும் அதே இரண்டு மடங்குதான். ஆனால் நிமிர்ந்த மாய பிம்பம், தாளில் விழாது. விரிந்து வரும் கதிர்களைக் கண் விழித்திரையில் குவிப்பதால் தெரிகிறது என்றேன், சரி என்றார்கள். அது மெழுகுவர்த்திப் பக்கமே 10 செ.மீ.யில் இருக்கிறது என்றால்தான் நம்பவில்லை. நியாயமான சந்தேகம்.

சமதளக் கண்ணாடிக்குப் பின்னால் பென்சிலை நிறுத்தி, தலையை அசைத்தாலும் பிம்பத்தைவிட்டு அது விலகாத இடத்தைக் காட்டிவிடலாம். லென்ஸில் இதை வகுப்பறையில் செய்தவர்கள் இருக்கிறீர்களா? பென்சிலை எங்கே, எந்த உயரத்தில் நிறுத்தினீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.