ஹரிகேன் டிடக்டிபிள் 2%னா எதுல 2%? நம்ம ஊர் வீட்டுப் பாலிசியிலயும் உண்டா?

குளச்சல்_கரை:
எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஃபுளோரிடாவுல டாம்பா பக்கம் வீடு வாங்கியிருக்கான். பாலிசியோட முதல் பக்கத்துல டிடக்டிபிள் (சேதத்துல நம்ம கையில இருந்து போற பங்கு) ரெண்டு போட்டிருக்கு: ஹரிகேனுக்கு (அங்க வர்ற பெரும் சூறாவளிக்கு) 2%, மத்ததுக்கெல்லாம் 1,000 டாலர். வீட்டுக் கட்டடத்துக்கான கவரேஜ் 4,00,000 டாலர். ரிப்பேர் செலவுல 2% மட்டும் நம்ம கையில இருந்து போனா போதும்னு அவன் சொல்றான். அது சரியா?

ரெண்டாவது, இங்க குளச்சல்ல அம்மா இருக்கிற வீட்டுக்கும் பாரத் கிருஹ ரக்ஷாங்கிற வீட்டுக் காப்பீடு எடுக்கப் போறோம். முன்னாடி ஓடு, பின்னாடி கான்கிரீட், மதிலை ஒட்டி ஆறு தென்னை. ஒக்கிப் புயல் மாதிரி ஒண்ணு வந்தா இங்கயும் அப்படிப் பிடிப்பாங்களா? எதைப் பார்த்து கையெழுத்துப் போடணும்?

வேளிமலை:
தம்பி கணக்கு தப்பு. அந்த 2% ரிப்பேர் செலவுல இல்ல, கட்டடக் கவரேஜ் தொகையில. அதாவது 4,00,000-ல 2%, 8,000 டாலர். காத்துல கூரை போய் 11,000 டாலர் செலவுன்னா கம்பெனி தருவது 3,000. 7,500 டாலர் செலவுன்னா ஒண்ணும் வராது. அவன் நினைச்ச மாதிரி இருந்தா 220 டாலர் போட்டா முடிஞ்சிருக்கும். வித்தியாசம் அவ்வளவு.

அதே கூரை ஒரு சாதாரண சாயங்கால இடிமழைக் காத்துல போயிருந்தா 1,000 டாலர் டிடக்டிபிள்தான், 10,000 கைக்கு வரும். அப்போ எந்தக் காத்து ஹரிகேன் கணக்குல வரும்? ஃபுளோரிடா சட்டத்துல இது தெளிவா இருக்கு. அமெரிக்க தேசியப் புயல் மையம் ஹரிகேன்னு அறிவிச்ச புயலா இருக்கணும். மாநிலத்துல ஏதாவது ஒரு பகுதிக்கு ஹரிகேன் வாட்ச் (வரலாம்ங்கிற முன்னறிவிப்பு) அல்லது வார்னிங் (எச்சரிக்கை) விட்ட நேரத்துல ஆரம்பிச்சு, கடைசி வாட்ச் அல்லது வார்னிங்கை எடுத்து 72 மணி நேரம் வரைக்கும், அந்தப் புயலால வர்ற காத்துச் சேதத்துக்கு 2%தான். அவன் வீட்டு வாசல்ல காத்து ஹரிகேன் வேகத்துல அடிச்சுதா இல்லையாங்கிறது இதுல வராது. டெக்சாஸ் மாதிரி இடங்கள்ல நிறைய பாலிசியில காத்து, ஆலங்கட்டி எதுக்குமே சதவீதம்தான், பேர் வச்ச புயலே தேவையில்ல. அதனால வேற மாநிலத்துல இருக்கிற கூட்டாளி சொல்றதை வச்சு இவன் முடிவு எடுக்கக் கூடாது.

இன்னும் ரெண்டு விஷயம் அவன்கிட்ட சொல்லுங்க. வருஷா வருஷம் புதுப்பிக்கும்போது கட்டடக் கவரேஜ் பெரும்பாலும் கூடும். 4,40,000 ஆச்சுன்னா டிடக்டிபிளும் தானா 8,800 ஆகிடும். முதல் பக்கத்துல சதவீதத்தோட டாலர் தொகையும் அச்சடிச்சிருக்கணும், அந்த எண்ணை ஒவ்வொரு வருஷமும் பார்க்கச் சொல்லுங்க. அவசரத்துக்கு எடுக்கிற மாதிரி அந்தப் பணம் தனியா இருக்கணும். அப்புறம் கடல் தண்ணி ஏறி வீட்டுக்குள்ள வந்தா இந்தப் பாலிசி மூச்சே விடாது. அதுக்கு வெள்ளப் பாலிசி தனி, அதுல டிடக்டிபிளும் தனி. அரசு வெள்ளத் திட்டத்துல சாதாரணமா 30 நாள் காத்திருப்பு, புயல் கிளம்பின பிறகு போய் வாங்கிப் பிரயோஜனம் இல்ல. டாம்பா விரிகுடா ஓரம்னா இதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன்.

தோவாளை_மல்லி:
குளச்சல் வீட்டுக்கு வர்றேன். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனமும் பாரத் கிருஹ ரக்ஷாவை ஒரே வாசகத்துல தரணும். அந்த வாசகத்துல புயல், சூறாவளி, வெள்ளம், சுனாமி எல்லாம் அடிப்படைக் கவரிலேயே இருக்கு. புயலுக்குன்னு தனிச் சதவீதப் பிடித்தம் இல்ல. புயலுக்குப் பேர் வச்சிருக்கணும்னும் இல்ல. மதில், கேட், தண்ணித் தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பேனல் எல்லாம் கட்டடத்தோட சேர்ந்தது. ஆனா கம்பெனி கூடுதலா சேர்க்கிற ஆட்-ஆன்லயும், வேற பேர்ல விக்கிற வீட்டுப் பாலிசியிலயும் பிடித்தம் இருக்கலாம். ஷெட்யூல்ல (பாலிசியோட விவரப் பக்கத்துல) 'எக்ஸஸ்' அல்லது 'டிடக்டிபிள்'னு போட்ட வரியைப் படிச்சிட்டுப் பணம் கட்டுங்க. ஏஜென்ட் வாய்ச்சொல் கணக்கு இல்ல.

தென்னை விஷயம்: மரம் விழுந்து ஓடோ மதிலோ உடைஞ்சா அது மோதல் சேதம்ங்கிற தலைப்புல வரும், விழும் மரம்னு வாசகத்திலேயே இருக்கு. மரத்துக்கு விலை கிடைக்காது. இடிபாடு அகற்றும் செலவு கிளெய்ம் தொகையில 2% வரைதான், ஆறு தென்னையும் சாய்ஞ்சா அறுத்து எடுக்கிற கூலிக்கு அது காணாது.

கடற்கரை ஆளுங்க கட்டாயம் பார்க்க வேண்டியது கடலரிப்பு. அலையோ வெள்ளமோ உள்ள வந்து செஞ்ச சேதம் வேற. மண் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு அஸ்திவாரம் இறங்குறது வேற. நிலம் உள்வாங்குதல் பிரிவுல கடலரிப்பையும் ஆத்தரிப்பையும் வெளிப்படையா விலக்கியிருக்கு. குளச்சல், மண்டைக்காடு பக்கம் கிளெய்ம் சிக்குறதுக்கு இது ஒரு வழி. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல உள்ள இடத்தை வருஷத்துக்கு ஒரு தடவை தேதியோட படம் எடுத்து வையுங்க.

காப்பீட்டுத் தொகையில நிலத்தோட விலையைச் சேர்க்காதீங்க. கார்பெட் ஏரியா (சுவருக்குள்ள இருக்கிற தரைப் பரப்பு) எத்தனை சதுர மீட்டர், இன்னைக்குக் கட்ட ஒரு சதுர மீட்டருக்கு என்ன செலவு, ரெண்டையும் பெருக்கின தொகை, அதோட மதில் மாதிரி கூடுதல் கட்டுமானத்தை இன்னைக்குக் கட்டுற செலவு, அவ்வளவுதான். பரப்பைச் சரியாச் சொன்னா, பிறகு 'தொகை குறைவாப் போட்டீங்க'ன்னு விகிதத்துல வெட்ட முடியாது. பிரீமியம் மிச்சம் பிடிக்க 120 சதுர மீட்டரை 90-ன்னு எழுதினா அந்தப் பாதுகாப்பு போச்சு.

மண்டைக்காடு_மதில்:
ஓட்டுப் பகுதிக்கு ஒண்ணு. சேதத்தை மதிப்பிட வர்ற சர்வேயர் முதல்ல பார்க்கிறது உடைஞ்ச ஓட்டோட விளிம்பைத்தான். செக்கச்செவேல்னு இருந்தா புது உடைவு. கறுத்து, பாசி பிடிச்சு இருந்தா பழசுன்னு எழுதிடுவார். கழுக்கோல் (ஓட்டைத் தாங்குற மரச்சட்டம்) கரையான் அரிச்சு ஒடிஞ்சிருந்தாலும் அப்படித்தான், தேய்மானம்னு தள்ளிடுவாங்க. அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடி ஏணி போட்டு ஓட்டையும் கழுக்கோலையும் படம் எடுத்து வச்சிருங்க. சேதமானதும் தார்ப்பாய் போட்டு மூடலாம், மூடணும். ஆனா மூடுறதுக்கு முன்னாடி படம். உடைஞ்ச ஓட்டைச் சர்வேயர் வர்ற வரைக்கும் ஒரு மூலையில குவிச்சு வையுங்க, அள்ளி வெளிய போட்டுடாதீங்க.

சேதம் பார்த்ததும் தகவல் சொல்லணும், கிளெய்ம் படிவம் 30 நாளுக்குள்ள. வீடு திறந்து கிடந்து புயலைத் தொடர்ந்து திருட்டுப் போனா 7 நாளுக்குள்ள நடந்ததுக்குத்தான் கவர். போலீஸ்ல புகாரும் கொடுத்திடுங்க.

குளச்சல்_கரை:
ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. ஒரே வருஷத்துல ரெண்டு புயல் வந்தா தம்பி ரெண்டு தடவை 8,000 கட்டணுமா? இங்க பஜார்ல சின்னக் கடை ஒண்ணும் இருக்கு, அதுக்கும் பிடித்தம் இல்லையா?

வேளிமலை:
ஃபுளோரிடாவுல ஹரிகேன் டிடக்டிபிள் ஒரு காலண்டர் வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவையும் ஒரே கம்பெனியில இருந்தா. 2024-ல செப்டம்பர் கடைசியில ஹெலீன், அக்டோபர் 9-ல மில்டன், ரெண்டும் அந்த மாநிலத்துலதான் கரை ஏறிச்சு. ஹெலீன்ல காத்துச் சேதம் 5,000 டாலர்னு வையுங்க. 8,000-க்குக் கீழ, பணம் வராது. ஆனா அதைக் கம்பெனிக்குச் சொல்லி ரசீதும் வச்சிருந்தா, மில்டனுக்கு மிச்சம் 3,000தான் டிடக்டிபிள். அந்த மிச்சம் 1,000-க்குக் கீழ போனா மத்ததுக்கான 1,000 டாலரைப் பிடிப்பாங்க. மில்டன்ல 12,000 சேதம்னா 9,000 கிடைக்கும். 'எப்படியும் வராது'ன்னு முதல் சேதத்தைச் சொல்லாம விட்டவனுக்கு 4,000தான். சின்னச் சேதத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

தோவாளை_மல்லி:
கடைக்கு உண்டு. பழைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசி வாசகத்துல புயல், வெள்ளம், மின்னல், நிலச்சரிவுக்கு ஒவ்வொரு கிளெய்ம்லயும் 5%, குறைஞ்சது 10,000 ரூபாய் பிடித்தம். குடியிருப்புக்கு மட்டும் அது பொருந்தாதுன்னு அந்த இடத்திலேயே எழுதியிருக்கும். இங்க சதவீதம் கிளெய்ம் தொகையில, அமெரிக்கா மாதிரி காப்பீட்டுத் தொகையில இல்ல. 3 லட்சம் கிளெய்ம்னா 15,000 போகும். 80,000-ன்னா 5% வெறும் 4,000தான், ஆனா 10,000 பிடிச்சு 70,000 தருவாங்க. புதுக் கடைப் பாலிசி எடுக்கும்போது ஷெட்யூல்ல சதவீதம், குறைந்தபட்சத் தொகை ரெண்டையும் பாருங்க. முன்னால கடை, பின்னால வீடுன்னு ஒரே கட்டடமா இருந்தா அதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. வீடுன்னு மட்டும் சொல்லி எடுத்துட்டு சர்வேயர் வந்து ஷட்டரைப் பார்த்தா, கிளெய்ம் அங்கேயே நின்னுடும்.