கஞ்சிக்கோட்டில் உற்பத்தி, கோவையில் கணக்கு: இணைக்கலாமா, கூடாதா?

வாளையார்க்காரன்:
எங்கள் கம்பெனிக்கு ஃபேக்டரி கேரளாவில் கஞ்சிக்கோட்டில், கணக்குப் பிரிவும் கிடங்கும் எல்லைக்கு இந்தப் பக்கம் கோவையில். ஸ்டோர்ஸ் வரவு ஒரு எக்செல் தாளில் இருக்கும். டேலி கணக்கு மென்பொருளில் பில் ஏறுவது மாதக் கடைசியில். எந்த ஆர்டர் கையைக் கடித்தது என்று முதலாளி கேட்டால், பதில் சொல்வதற்குள் அடுத்த மாதம் பாதி ஓடிவிடும். கொள்முதல், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவரச் சொல்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பழைய லெட்ஜர்:
வேண்டாம் தம்பி. சரக்கைத் தொடுகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு என்று இருந்தால்தான் திருட்டுக்குப் பூட்டு. ஸ்டோர்ஸ் பையன் 100 கிலோவை 1,000 என்று தட்டினால் அது நேராகப் பேரேட்டில் ஏறிவிடும். அப்புறம் யார் பிடிப்பது?

வாளையார்க்காரன்:
பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று மென்பொருளிலேயே பிரிக்கலாம் அண்ணே. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எது எப்போது திருத்தப்பட்டது என்ற தடம், அணைக்க முடியாதபடி இருந்தே ஆகவேண்டும். எங்கள் எக்செல் தாளில் அது ஏது?

கொழிஞ்சாம்பாறை கணக்கர்:
எல்லையில் தொழில் செய்கிறவர்கள் இணைக்காமல் தப்பவே முடியாது. வாளையார் எல்லையைத் தாண்டி உங்கள் சொந்தக் கிடங்குக்கு அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சப்ளை, ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கு இடையிலான ஜி.எஸ்.டி.) பில் வேண்டும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லும் வேண்டும். லாரி கேட்டை விட்டுக் கிளம்பும் நிமிடமே கணக்குப் பதிவு நடந்தாக வேண்டும்.

இன்னொன்று, 1961 வருமானவரிச் சட்டத்தின் 43பி(எச்) விதி. குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்கலாம். பில் கோவை மேஜைக்கு வந்த தேதிக்கு இங்கே மதிப்பில்லை. சரக்கு ஸ்டோர்ஸில் இறங்கிய நாளிலிருந்து கெடு ஓடுகிறது. அந்தத் தேதி உங்கள் கணக்கருக்கு மாதக் கடைசியில் தெரிந்து என்ன பிரயோசனம்?

பழைய லெட்ஜர்:
43பி(எச்) விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலையை மாற்றும் உரிமையும் பேமெண்ட்டும் கணக்குப் பிரிவை விட்டு நகரக்கூடாது, அதில் நான் இறங்கி வரமாட்டேன். ஒரே போல்ட்டுக்கு ஸ்டோர்ஸில் ஒரு பெயர், பர்ச்சேஸில் ஒரு பெயர் இருக்கும்; முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மார்ச் 31 ஸ்டாக்கை நேரில் நின்று எண்ணிவிட்டு ஏப்ரலில் தொடங்குங்கள் தம்பி. வருட நடுவில் மாற்றவே மாற்றாதீர்கள்.