ஹீட்டர் போட்டால் ஐஸ் காற்று: மூணாறில் பட்டதும் கற்றதும்

நாகர்கோவிலிலிருந்து:

மார்கழியிலும் ஃபேன் இல்லாமல் தூக்கம் வராத ஊர் நம்முடையது. கார் வாங்கி நான்கு வருடமாகியும் ஏசி குமிழ் நீலத்தை விட்டு நகர்ந்ததில்லை. போன வருடம் ஜனவரியில் தேனி, போடி வழியாகக் குடும்பத்தோடு மூணாறு போனோம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தபோது எஞ்சின் நல்ல சூட்டில் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

கார் கூரையில் உறைபனி, புத்தளம் உப்பளத்தில் வாரிவிட்ட உப்பு மாதிரி. நான்கு பேர் மூச்சில் கண்ணாடி உள்ளே வெளுத்துவிட்டது. குமிழைச் சிவப்புக்குத் திருப்பி ப்ளோயரை முழுசாக வைத்தேன். வந்தது பச்சைக் குளிர் காற்று. பின்சீட்டிலிருந்து அம்மா, “ஏசியை அணைச்சிரு மக்களே, கால் மரத்துப் போகுது” என்றார். ஹீட்டர்தான் ஓடுகிறது என்று சொன்னால் அவர் நம்பவில்லை. எங்கள் காரில் சூடு காட்டும் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். இறக்கத்தில் இருபது நிமிடம் ஓட்டியும் அது அணையவில்லை. மகளின் விரல்களை என் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே டீக்கடையில் நிறுத்தினேன்.

அங்கே கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் ஒருவர்தான் பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வைத்தார். “போட்ட உடனே வெதுவெதுன்னு வருது பாருங்க. தெர்மோஸ்டாட் வால்வு நல்லா இருந்தா எஞ்சின் சூடாகிற வரைக்கும் இது குளிர்ந்து கிடக்கணும். உங்க வண்டியில வால்வு இருக்கான்னே சந்தேகம்” என்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது. முந்தைய கோடையில் ஆரல்வாய்மொழி பக்கம் வண்டி ஓவர்ஹீட் ஆகி, ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?” என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். நானும் சரி என்று வாங்கி வந்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள், செய்கிறார்கள்.

அந்த வால்வு சும்மா இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 80, 90 டிகிரிக்கு வரும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டர் குழாயிலும் மட்டும் சுற்ற வைக்கும். அது இல்லையென்றால் குளிர்ந்த எஞ்சினையும் ரேடியேட்டர் மேலும் குளிர வைக்கும். காருக்குள் சூடு வராது, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். எங்கள் வண்டி ஓவர்ஹீட் ஆனதற்கு உண்மையான காரணம் ரேடியேட்டர் ஃபேனில் இருந்த கோளாறு. ஊருக்கு வந்ததும் புது வால்வு போட்டு, குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு முறையான கூலன்ட் ஊற்றினேன். வெறும் தண்ணீரில் துருவும் உப்பும் படிந்து ஹீட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

இந்த டிசம்பரில் திரும்பப் போனோம். அப்போதும் சூடான காற்று வரப் பத்து நிமிடம் ஆனது! ஆனால் இது கோளாறு இல்லை. ஹீட்டருக்கு வருவது எஞ்சின் வீணாக்கும் சூடு. இப்போதைய எஞ்சின்கள், முக்கியமாக டீசல், எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பதால் வீணாகும் சூடே குறைவு. நிறுத்தி வைத்து ஐடிலில் ஓட்டினால் இன்னும் தாமதம்தான். ஸ்டார்ட் செய்து கண்ணாடியைத் துடைத்ததும் மெதுவாக ஓட்டத் தொடங்கினால் சீக்கிரம் சூடாகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து:

நான் ராணுவத்தில் இருந்தவன், காஷ்மீரில் சில குளிர்காலம் கழித்திருக்கிறேன். நம் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் நெடுஞ்சாலை தொடங்கும் ஸ்ரீநகரில், காரில் ஏறியதும் யாரும் ப்ளோயரை முழுசாக வைக்க மாட்டார்கள். இருக்கிற கொஞ்சம் சூட்டையும் காற்று வாரிக்கொண்டு போய்விடும். முதல் சில நிமிடம் மிகக் குறைவாக வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புவோம். சில ஆட்டோமேட்டிக் ஏசி கார்கள் கூலன்ட் சூடாகும்வரை தானாகவே ப்ளோயரை அடக்கி வைக்கும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

உள்காற்றையே சுற்ற விட்டால் சீக்கிரம் கதகதப்பாகும், ஆனால் கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். அப்போது வெளிக்காற்றைத் திறந்து, ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். கடும் குளிரில் மட்டும் கம்ப்ரெஸர் ஓடாது.

அங்கே ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் காங்ரி என்ற கரிச்சட்டி வைத்துக்கொள்வார்கள். மூடிய காருக்குள் அதை வைத்தால் உயிருக்கே ஆபத்து. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவதும், சைலன்சர் வாய் பனியில் புதைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். கரியிலிருந்தும் எஞ்சின் புகையிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. தயவுசெய்து இதை வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

தக்கலையிலிருந்து:

நாங்கள் எலெக்ட்ரிக் காரில் கொடைக்கானல் போனோம். எஞ்சினே இல்லாததால் காத்திருக்க ஒன்றுமில்லை, ஒன்றிரண்டு நிமிடத்தில் சூடான காற்று வந்தது. ஆனால் அந்தச் சூடு பேட்டரியிலிருந்து வருவது, ஒரு சார்ஜில் போகக்கூடிய தூரம் (ரேஞ்ச்) கண்முன்னே குறைந்தது. மறுநாள் சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டுக் கிளம்பினோம்.

நாகர்கோவிலிலிருந்து மறுபடியும்:

குளச்சலிலிருந்து ஒருவர் தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். அரை மணி ஓடியும் ஹீட்டர் காற்று குளிராகவே இருந்தால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தாலோ உள்ளே காற்று அடைத்து ஏர்லாக் ஆகியிருந்தாலோ ஹீட்டருக்குச் சூடு போகாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். அளவு சரியாக இருந்தால் அப்புறம் வால்வு. கழற்றியிருக்கிறார்களா என்று பட்டறையில் நேரடியாகக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால்தான் அம்மா அன்று கால்களைச் சால்வையில் சுற்றிக்கொண்டு டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.