சீனி வருத்தத்துக்கு கொழுப்புக் குளிசை எதற்கு?

பொகவந்தலாவை பொடியன்:
அம்மாவுக்கு 56 வயது, சீனி வருத்தம் வந்து பல வருடம். போன கிளினிக்கில் சீனிக்கான மெட்போமினோடு அடோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குளிசையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போட்டில் கொலஸ்ட்ரோல் கூடவில்லை, அப்புறம் எதற்கு இது? லயத்தில் ஆளுக்கொரு கதை சொல்ல, அம்மா குளிசையைத் தொடுவதே இல்லை. இன்னொன்று, கொழுந்து எடுக்க மேல் மலைக்கு ஏறும்போது இப்போதெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்குகிறார். நெஞ்சுவலி இல்லையாம். வயசுதானே?

ஹட்டன் அக்கா:
தம்பி, அது கொலஸ்ட்ரோலுக்கு மட்டும் கொடுக்கிற குளிசை இல்லை. சீனி கூடி நிற்கிற இரத்தம் வருடக்கணக்கில் ஓடினால் குழாயின் உள்சுவர் புண்ணாகி, ரிப்போட்டில் சாதாரணமாகத் தெரிகிற கொழுப்பும் அங்கே போய்ப் படியும், பிரஷரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சீனி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதனால்தான் 40 வயது தாண்டினால் பெரும்பாலும் இதைக் கொடுப்பார்கள். கை கால் சதை வலித்தால் டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

கொட்டகலைக்காரன்:
குளிசையை விடுங்கள், எனக்கு அந்த மூச்சு வாங்குவதுதான் பயமாக இருக்கிறது. பல வருட சீனியில் நரம்பு மரத்துவிடும், காலில் முள் குத்தினால் தெரியாது என்போமே, இதயத்துக்கும் அதே கதைதான். வலியே இல்லாமல் அட்டாக் வரும், மூச்சு முட்டலும் வியர்வையும் களைப்பும்தான் தெரியும். எங்கள் மாமா வாய்வு என்று இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டே இருந்தார், ஈ.சி.ஜி.யில் பழைய அட்டாக் என்றார்கள்.

ஹட்டன் அக்கா:
சரியாகச் சொன்னீர்கள். இரத்தம் குறைந்தாலும் இப்படி மூச்சு வாங்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா படுக்க வைத்து எடுக்கிற ஈ.சி.ஜி. நல்லாயிருக்கு என்றாலும் அதோடு விடாமல், மலை ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பொகவந்தலாவை பொடியன்:
நன்றி அக்கா. கிளினிக் அடுத்த மாதம்தான், வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடமாட்டார்கள் என்று அம்மா இழுக்கிறார்.

கொட்டகலைக்காரன்:
பேர் போனால் போகட்டும், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஆஸ்பத்திரி ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளர் பிரிவு) கூட்டிப்போங்கள். இரவில் மூச்சு முட்டினால் ஆட்டோ தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.