சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் குடிபெயர்வது உண்மையிலேயே சிக்கனமா?

தாம்பரம் குடித்தனக்காரர்:
நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை செய்ய முழு அனுமதி கொடுத்துவிட்டதால், பெற்றோர் வசிக்கும் கும்பகோணத்துக்கு வந்துவிடலாமா என்று நானும் மனைவியும் யோசித்து வருகிறோம். பெற்றோரின் வீடு சிறியது என்பதால் தனி வீடுதான் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 22,000 ரூபாய் வாடகை தருகிறோம். அங்கே அதே அளவு வீடு 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மகள் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். இணையத்தில் இரு ஊர்களின் செலவையும் ஒப்பிடும் பட்டியல்களைப் பார்த்தால், பாதிச் செலவில் குடும்பம் நடத்தலாம் போலத் தெரிகிறது. அங்கேயே வாழ்பவர்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்களா?

குடந்தைவாசி:
தயங்காமல் வாருங்கள், தம்பி. வாடகையில் மட்டும் மாதம் 13,000 ரூபாய் மிஞ்சுகிறதே! சென்னையில் இன்னும் பல வீட்டுக்காரர்கள் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். இங்கே அவ்வளவு பெரிய தொகை முடங்குவதில்லை. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் செலவும் இல்லை. கீரை, வாழைக்காய், கத்திரிக்காய் எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலையிலேயே சந்தைக்கு வந்துவிடுகின்றன. உறவில் யாருக்காவது நிலம் இருந்தால் அறுவடை முடிந்ததும் அரிசி மூட்டை வீடு தேடி வரும். மின்சாரத்திலும் ஒரு நன்மை உண்டு. சென்னையில் பல வீட்டுக்காரர்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வசூலிக்கிறார்கள். இங்கே தனி மீட்டர் உள்ள வீடாகப் பார்த்துக் குடியேறினால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை நேராக உங்களுக்கே கிடைக்கும்.

மன்னார்குடி கணக்கர்:
ஐயா சொல்வதில் வாடகையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாடகையில் மிஞ்சுவது அப்படியே கையில் நிற்கும் என்று நம்பிக் குடிபெயர்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். முதலில் அந்த இணையப் பட்டியல்களை ஒதுக்கி வையுங்கள். அவற்றில் பல, பயனர்கள் தாமாகப் பதியும் விலைகளை வைத்து உருவாக்கப்படுபவை. கும்பகோணம் போன்ற ஊருக்கு விலை பதிபவர்கள் குறைவு. அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டையும் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவார்கள். அது ஓர் ஊரில் காலப்போக்கில் விலை எவ்வளவு ஏறியது என்பதைச் சொல்லுமே தவிர, இரண்டு ஊர்களில் எது மலிவு என்பதைச் சொல்லாது.

உங்கள் சொந்த வரவு செலவை எடுத்து, எது ஊரோடு மாறும், எது மாறாது என்று பிரித்துப் பாருங்கள். கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், கைபேசிக் கட்டணம், இணையத்தில் வாங்கும் பொருள்கள் ஆகியவை எங்கே போனாலும் அதே தொகைதான். மின்கட்டண விகிதமும் தமிழ்நாடு முழுவதும் ஒன்றே. பகல் முழுவதும் குளிரூட்டியை ஓட்டி வீட்டிலிருந்தே வேலை செய்து, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கட்டண விகிதமே உயர்ந்துவிடும். பெரிய சிகிச்சை என்றால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தஞ்சாவூருக்கோ, அதற்கும் அப்பால் திருச்சிக்கோ போக வேண்டியிருக்கும். வயதான பெற்றோர் உள்ள வீட்டில் இந்தக் கார் வாடகையைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

எந்தப் பட்டியலிலும் வராத இன்னொரு செலவு மொய். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எதற்குப் போனாலும் மண்டபத்தில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, மற்றவர் பெயரையும் ஊரையும் தொகையையும் நோட்டில் எழுதுவார். சென்னையில் இருந்தவரை "வர முடியவில்லை" என்று தொலைபேசியில் சொன்னால் உறவினர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். உள்ளூரில் இருந்துகொண்டு போகாமல் இருப்பதை யாரும் மறக்க மாட்டார்கள். வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் மளிகைச் செலவையே இது மிஞ்சிவிடும்.

குடந்தைவாசி:
மொய்யைச் செலவு என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அது திரும்பி வரும் பணம். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மொய் விருந்து வைத்துத் தொழிலுக்கு முதல் திரட்டியவர்களும் கடன் அடைத்தவர்களும் எத்தனையோ பேர். வட்டியில்லாமல் இவ்வளவு பணத்தை வேறு யார் கொடுப்பார்கள்?

மன்னார்குடி கணக்கர்:
திரும்பி வரும், ஐயா. ஆனால் விசேஷம் வைப்பவருக்குத்தான் வரும். ஆறாம் வகுப்புப் போகும் மகளின் கல்யாணம் வரை இவர் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அப்படி வாங்கியதையும் பிறகு கூடுதலாக வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். மாத வருமானத்தில் வாழ்பவருக்கு இது இன்றைய கையிருப்பிலிருந்து போகும் பணம்.

திருச்சி மத்திய அரசு ஊழியர்:
என்னைப் போன்றவர்கள் மாற்றல் கேட்கும் முன் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டிய 2024ஆம் ஆண்டு முதல், வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு, திருச்சியில் 20, தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் 10. அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், சென்னையில் 18,000 கிடைத்த இடத்தில் கும்பகோணத்தில் 6,000தான். வாடகையில் மிஞ்சும் 13,000 ரூபாயில் 12,000 அங்கேயே போய்விடுகிறது. தனியார் நிறுவனங்களிலும் ஊரைப் பொறுத்துச் சம்பளத்தைத் திருத்துபவை உண்டு. அனுமதிக் கடிதத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தாம்பரம் குடித்தனக்காரர்:
கடிதத்தை எடுத்துப் படித்தேன். சம்பளத்தில் மாற்றம் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் இந்த அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் என்றும் இருக்கிறது. மொய்க்கும் மருத்துவப் பயணத்துக்கும் மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கினாலும் எங்களுக்கு மிச்சம் இருக்கிறது. அனுமதி புதுப்பிக்கப்படாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் இப்போது எங்கள் கவலை.

மன்னார்குடி கணக்கர்:
அப்படியானால் முதல் ஓராண்டு மிஞ்சுவதைத் தொடாமல் வங்கியிலேயே வைத்திருங்கள். மறுபடி சென்னைக்குப் போக நேர்ந்தால் வீட்டு முன்பணமும் பள்ளிச் சேர்க்கைக் கட்டணமும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். கும்பகோணத்திலும் ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன்பே பள்ளியில் பேசிவிடுங்கள். வீட்டைப் பள்ளி முடிவான பிறகு, அதற்குப் பக்கத்தில் பார்ப்பது நல்லது.