வாட்ச்மேன் சொன்ன பொய் யாருடையது? பிள்ளைகளோடு இப்படி விவாதிக்கலாமா?

செம்பூர் அம்மா:
மும்பையில் எங்கள் சொசைட்டி ஹாலில் ஞாயிறு காலை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். பள்ளியில் தமிழ் கிடையாது, வீட்டிலும் பாதி இந்திதான். போன வாரம் வாய்மை அதிகாரம். "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று சொல்லி, குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மைக்குச் சமம் என்று பொருள் சொன்னேன். ஒரு பையன் கை தூக்கினான். "மிஸ், அப்பா வீட்டில இருந்துக்கிட்டே இன்டர்காம்ல வாட்ச்மேன் அங்கிள்கிட்ட 'நான் இல்லைன்னு சொல்லிடு'ங்கிறார். அப்போ பொய் சொன்னது யாரு?"

வாட்ச்மேன்தான் என்றார்கள் சிலர். "மாட்டேன்னு சொன்னா அவருக்கு வேலை போயிடுமே" என்றாள் ஒரு பெண். "சம்பளத்துக்குச் சொன்னா அது பொய்யில்லையா?" என்று உடனே இன்னொருத்தி. நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அந்த அப்பாவிடமிருந்து போன்: "குறள் சொல்லிக்கொடுங்க மேடம், எங்க வீட்டை விசாரிக்காதீங்க."

அன்றைக்குத்தான் பிள்ளைகள் குறளுக்குள் நுழைந்தார்கள் என்று நான் நம்புகிறேன். பெற்றோர் மனம் நோகாமல் இதை எப்படித் தொடர்வது?

சயான் அப்பா:
அந்த அப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த வயதில் முதலில் பழக்கம் வரவேண்டும், கேள்வி அப்புறம். ஔவையார் "அறம் செய விரும்பு" என்றார், அறத்தை விவாதி என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று பத்து வயதிலேயே பழக்கிவிட்டால், தப்பு செய்துவிட்டுக் காரணம் அடுக்கத்தான் கற்றுக்கொள்வான். என் மகனை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாட்டுங்கா டீச்சர் (ஓய்வு):
சயான் சார் சொல்லும் பயம் சரியானதுதான். ஆனால் சாக்குச் சொல்லும் பிள்ளையைத் திருத்துவதே இந்தப் பேச்சு. "நீ சொல்ற காரணம் மத்தவங்களுக்கும் பொருந்துமா? உன்கிட்ட ஒருத்தர் அப்படிச் செஞ்சா?" என்று கூட இருக்கும் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள். நாம் கேட்பதைவிட அது உறைக்கும். "ஆளாளுக்கு ஒரு கருத்து" என்று மட்டும் முடிக்கவே கூடாது. அடிப்பது தப்பா என்று நான் ஓட்டுக்கு விடுவதில்லை. ஏன் தப்பு என்று பேசவிடுவேன்.

இது புதிதும் இல்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மாத்யூ லிப்மன், காரணம் காட்டிப் பேசும் பழக்கத்தைக் கல்லூரியில் தொடங்குவது தாமதம் என்று நினைத்தார். பிள்ளைகளுக்கென்றே கதை எழுதினார்; 1974இல் நியூஜெர்சியின் மான்ட்கிளேரில் இதற்காக ஒரு நிறுவனமும் தொடங்கினார். அவர் வழியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதையை ஆளுக்குக் கொஞ்சம் வாசிக்கிறார்கள். கேள்விகளை அவர்களே எழுப்புகிறார்கள், எல்லாம் போர்டில் ஏறுகிறது, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கதையிலிருந்து தொடங்குவதுதான் உங்களுக்கு வேண்டிய விஷயம் அம்மா. எந்தப் பிள்ளையின் அப்பாவும் நடுவில் வந்து நிற்கமாட்டார். மனுநீதிச் சோழனை எடுங்கள். கன்றைத் தேரேற்றிக் கொன்ற இளவரசன் மேல் தேரை ஓட்டும்படி ராஜா அமைச்சருக்கு ஆணையிடுகிறார். பெரியபுராணத்தில் அமைச்சர் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விடுகிறார். சின்னப் பிள்ளைகளிடம் நான் "மறுத்துவிட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சொன்னதைச் செய்பவருக்குப் பொறுப்பு உண்டா? அதே வாட்ச்மேன் கேள்விதான், திருவாரூரில் நடக்கிறது. என் வகுப்பில் ஒரு குட்டிப் பெண், "பையனைக் கொன்னா கன்னுக்குட்டி திரும்பி வருமா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்குமேல் அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

இதனால் மார்க் கூடும் என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்த சோதனையில் கணக்கிலும் வாசிப்பிலும் சிறு முன்னேற்றம் தெரிந்ததாக 2015இல் அறிக்கை வந்தது. பெரிய அளவில் திரும்பச் செய்தபோது, 2021 அறிக்கையில், அது தெரியவில்லை.

செம்பூர் அம்மா:
ரொம்ப நன்றி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மனுநீதிச் சோழன்தான். அந்த அப்பாவையும் வந்து உட்காரச் சொல்லலாமா?

மாட்டுங்கா டீச்சர் (ஓய்வு):
கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். மகன் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள், பையன் அப்பா முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவான். பிள்ளைகள் பேசி முடிக்கிறவரை அவர் கேட்கட்டும், அப்புறம் ஒரு கேள்வி அவரும் கேட்கட்டும்.